களனியில் இறங்கினேன், பிள்ளை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வலக்கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்து இன்றைக்குப் பதினாறு நாள். துளி மருந்து தவறாமல் விடுகிறேன். தலையில் தண்ணீர் வார்க்க இன்னும் சில நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. சாப்பாட்டுக்கும் ஒரு குறையும் இல்லை, உன் சின்னம்மா பத்தியக்காரனைப் போலத்தான் என்னைப் பார்க்கிறாள். ஆகவே அந்தக் கவலையை விடு.

போனில் கதைத்தால் பத்து நிமிடத்தில் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். இது ஆறுதலாகச் சொல்ல வேண்டியது. அதுதான் கடிதம்.

போன மாதம் ஜப்பானுக்குப் போனபோது நாராவில் இருந்து போன் எடுத்தாய். தோடாய்ஜி என்கிற பெரிய விகாரை. சின்னவன் அங்கே ஒரு மரத்தூணில் இருக்கிற துளைக்குள்ளால் ஊர்ந்து வெளியே வருகிற படத்தை அனுப்பியிருந்தாய். அந்தத் துளை உள்ளே இருக்கிற புத்தரின் மூக்குத் துவாரத்தின் அளவாம் என்று அவன் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எல்லாருடைய படமும் இருந்தது, உன்னுடையது மட்டும் இல்லை. கேட்டேன். “நான் உள்ளுக்குப் போகேல்லை அப்பா. வெளியிலை மானுகளோடை நிண்டன். அது எங்கடை கோயில் இல்லைத்தானே” என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

அந்த வசனம் உன்னுடையது இல்லை, பிள்ளை. நான் சொன்னது. உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

1996. உன்னை ஏஜென்சிக்காரனோடு கட்டுநாயக்காவுக்கு வானில் கொண்டுபோகிறோம். உனக்கு இருபத்தொரு வயது. மத்திய வங்கியில் குண்டு வெடித்த வருடம், சந்திக்குச் சந்தி சோதனை. களனிப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது நீ மெல்லக் கேட்டாய்: “அப்பா, அன்ரி என்னைக் கூட்டிக்கொண்டு போற கோயில் இஞ்சாலை கிட்டத்தானே, ஒருக்கால் பாத்திட்டுப் போவமா?” நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது எங்கடை கோயில் இல்லை. பேசாமல் இரு” என்றேன். பிறகு கட்டுநாயக்கா வரைக்கும் நீ வாய் திறக்கவில்லை. விமான நிலையத்தில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாய். உன்னோடு கடைசியாக ஒரே வாகனத்தில் இருந்தபோது நான் சொன்ன பேச்சு அது.

சோதனைச் சாவடிப் பயம் ஒன்று. வானை எங்கே நிறுத்தினாலும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எங்கே போகிறாய் என்ற கேள்வி. ஆனால் பயம் மட்டும்தான் என்றால் பொய். களனி விகாரையை நீ கேட்டதும் எனக்கு நெஞ்சில் நெருப்பு எரிந்தது.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நான் ஒரு விகாரை வாசலையும் மிதித்ததில்லை. நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் குறிகாட்டுவானில் வள்ளம் ஏறுவேன். அங்கே நாகவிகாரையைக் கடந்து நடக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். எங்கள் வீடு எரிந்தபோது நீ எட்டு வயதுப் பிள்ளை. பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி எங்களைத் தன் குசினிக்குப் பின்னால் இருந்த அறைக்குள் இரண்டு இரவு வைத்திருந்தாள். வெளியே ஆட்கள் கத்திக்கொண்டு வந்தபோது முன்வாசல் படியில் போய் இருந்தவள் அவள். போயா நாளில் உனக்கு வெள்ளைச் சட்டை போட்டுத் தன் மகளோடு களனிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் அவள்தான். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைக் கும்பிட்ட அதே மனத்தால் அவள் கும்பிட்ட இடத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு அகதி முகாம், பிறகு கப்பல். காங்கேசன்துறைக்கு எங்களை ஏற்றிப் போன கப்பலின் பெயர் லங்கா கல்யாணி. கல்யாணி என்பது களனியின் பழைய பெயர் என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

அன்ரி காலமாகிப் பல வருடம். ஆனால் அவளுடைய மகள், உன் கூட்டாளி, எனக்குக் கண் ஒப்பரேசன் என்று எப்படியோ அறிந்து போன கிழமை பார்க்க வந்தாள். தலை நரைத்துவிட்டது, நடை அப்படியே தாயின் நடை. கையில் ஒரு பெட்டி கிரிபத்தும், அதுதான் பாற்சோறு, லுணுமிரிஸ் சம்பலும். கதைத்துக்கொண்டிருக்கும்போது அவளே சொன்னாள், போயாவுக்குக் களனி போகிறேன் அங்கிள் என்று. நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? “நானும் வரட்டா, மகள்?” என்று சிங்களத்தில் கேட்டேன். கேட்டபிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

விடிய ஐந்தரைக்கு ஓட்டோவில் வெளிக்கிட்டோம். காலி வீதி வெறிச்சோடிக் கிடந்தது. களனி கங்கைக்கு 2021-இல் ஒரு புதுப் பாலம் திறந்தார்களே, கம்பிகள் விசிறி போல விரிந்து நிற்கும், அதற்கும் கல்யாணி என்றுதான் பெயர். அதற்குக் கிட்டப் போகும்போது நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

வாசலில் பூக்கடைகள். அவள் தாமரை மொட்டு ஒன்பது வாங்கினாள். செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு திண்ணை ஓரத்தில் இருந்தோம். மொட்டை அப்படியே வைக்கிறதில்லை பிள்ளை, இதழ் மடிக்க வேண்டும். வெளி இதழைப் பெருவிரலால் அமர்த்தி, நுனியை உட்பக்கம் மடித்துச் செருகி, அடுத்த இதழ், அதற்கடுத்தது. ஒரு சுற்று முடிந்தால் உள்சுற்று. கடைசியில் நடுவிலே மஞ்சள் பொகுட்டும் அதைச் சுற்றி மகரந்தமும் தெரியும். அவள் கை மடித்த வேகம் உனக்குத் தெரிந்திருக்கும், உனக்கும் அன்ரி பழக்கினவள்தானே. நான் மடித்ததில் இரண்டு இதழ் கிழிந்துவிட்டது. தூக்கி எறியப் போனேன். அவள் அதையும் வாங்கித் தட்டில் வைத்தாள். பிறகு பூவுக்குத் தண்ணீர் தெளித்தாள். மணந்து பார்க்கக் கூடாது, எங்கள் வழக்கம்தான்.

பூ வைக்கும்போது பாளியில் ஒரு பாட்டுச் சொன்னாள். கருத்தைக் கேட்டேன். இந்தப் பூ எப்படி வாடுகிறதோ அப்படியே இந்த உடம்பும் அழிவை நோக்கிப் போகிறது என்று அர்த்தமாம். தேவாரம் பாடி வளர்ந்த எனக்கு இது புதுச் சங்கதி இல்லை. ஆனால் அதைக் கடவுளிடம் ஒரு வரமும் கேட்காமல், சும்மா சொல்லிவிட்டுப் பூவை வைத்துவிட்டு எழும்புகிறார்கள். அது எனக்குப் புதிது. கும்பிட்டு முடிந்ததும் என் வலக்கை தன்பாட்டில் நீண்டுவிட்டது, திருநீற்றுக்கு. அங்கே யாரும் ஒன்றும் தருவதில்லை. கொடுத்த பூவும் திரும்பி வராது.

தாகபை என்கிற தூபி நெற்குவியல் வடிவம். கோபுரம் போலவும் இல்லை, மணி போலவும் இல்லை. வேலணையில் சூடடித்துத் தூற்றிப் பொலி குவித்து வைத்தால் ஒரு சரிவு விழுமே, அதே சரிவு. அதைச் சுற்றி வெள்ளை உடுப்போடு சனம். வெள்ளரசு மரத்துக்குத் தண்ணீர்க் குடம் ஏந்தி வரிசையில் போகிறார்கள். தேங்காயெண்ணெய் விளக்குப் புகை. கண்ணாடியைக் கழற்றாதீர்கள் அங்கிள் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வளவுக்குள்ளேயே விபீஷணருக்கு ஒரு தேவாலயம் இருக்கிறது, களனிக்குக் காவல் தெய்வம் அவர்தான். பழத்தட்டோடு சனம் நிற்கிறது. அங்கே நின்றபோது கால் தானாக ஆறியது, ஊர்க் கோயில் வாசலில் நிற்கிற மாதிரி.

அதைவிட நெருக்கம் மகாவம்சம் என்ற பழைய பாளி வரலாற்று நூலின் கதையில் இருக்கிறது. நாகதீபத்தில், அதுதான் நயினாதீவு என்கிறார்கள், மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனும் ஒரு மணிபதித்த ஆசனத்துக்காகச் சண்டைக்கு நின்றார்களாம். புத்தர் வந்து விலக்குப் பிடித்தாராம். மணிமேகலையில் வருகிற மணிபல்லவத்துப் பீடிகையும் அதே மாதிரிக் கதைதானே. மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்கு மகோதரனின் தாய்மாமன் மணியக்கிகன் களனியில் இருந்து போயிருந்தானாம். அவன் அங்கே வைத்துக் கேட்டதற்காகத்தான் மூன்று வருடம் கழித்துப் புத்தர் களனிக்கு வந்தார் என்பது கதை. நயினாதீவில் வைத்துச் சொன்ன அழைப்பு! இவ்வளவு காலமும் நான் அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் நடுவிலே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்திருக்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் களனியை இடித்தவர்களும் போர்த்துக்கேயர், பிறகு நல்லூரை இடித்தவர்களும் அவர்களேதான்.

இனி, நான் எழுதத் தொடங்கியது இதற்காகத்தான். உள்ளே சுவர் முழுக்க ஓவியம். சோலியஸ் மெண்டிஸ் என்ற ஓவியர் 1930களிலும் 40களிலும் வருடக்கணக்காக இருந்து வரைந்தவை. அதில் ஒன்று தேவி என்ற இளவரசியின் கதை. களனியை ஆண்ட தீசன் என்ற அரசன், குற்றமில்லாத ஒரு பிக்குவைச் சந்தேகப்பட்டுக் கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரையில் போட்டுக் கொன்றானாம். கடல் பொங்கி ஊருக்குள் வந்ததாம். கடலை ஆற்றுவதற்காகத் தன் மகளைப் பொற்கலத்தில் ஏற்றி, தனியே, கடலில் விட்டானாம்.

நான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடக்கண்ணில் எல்லாம் தேத்தண்ணி ஊற்றின மாதிரி மஞ்சள் படிந்து கிடந்தது. வலக்கண்ணில், புதுக்கண்ணில், வெள்ளை வெள்ளையாகவும் சிவப்புச் சிவப்பாகவும் பளிச்சென்று வந்தது. உன் கூட்டாளி பக்கத்தில் நின்று கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாதியில் காது அடைத்துவிட்டது. குற்றம் செய்தவன் தகப்பன், கடலில் போனவள் பிள்ளை. அந்தப் பொற்கலத்தில் ‘அரசனின் மகள்’ என்று எழுதிவிட்டார்களாம், கரைசேரும் இடத்தில் யாருடைய பிள்ளை என்று தெரியட்டும் என்று. உன்னை அனுப்பும்போது உன் கையில் இருந்த பாஸ்போட்டில் உன்னுடைய பெயரே இல்லை. யார் பெற்ற பிள்ளையோ அவளுடைய பெயர். வழி முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டு வா என்று நான்தான் சொன்னேன். நீ பழகிக்கொண்டிருந்தாய். அதற்கு நடுவிலேதான் கோயிலைக் கேட்டாய்.

அந்தத் தேவி தென்கரையில் ஒதுங்கி அரசியானாள். அவள் பெற்ற மகன்தான் துட்டகைமுனு என்ற சிங்கள அரசன். தமிழ் அரசன் எல்லாளனைக் கொன்றவன். கொன்ற பிறகு அவனுக்குச் சமாதி எழுப்பி, அதைக் கடக்கிறவர்கள் மேளதாளத்தை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டவன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு எல்லாளன் மட்டும்தான் கண்ணில் பட்டான். கடலில் விடப்பட்ட ஒரு தாய் அந்தக் கதைக்கு முன்னால் இருக்கிறாள் என்று நேற்றுத்தான் கண்டேன்.

எல்லாம் ஆறிவிட்டது என்று எழுதவில்லை. எங்கள் பக்கம் சனத்தின் காணியில் விகாரை எழும்புகிறது என்று பேப்பரில் வாசிக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். வரத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தை உன்னுடைய தலையில் கட்டி அனுப்ப எனக்கு உரிமை இருக்கவில்லை. ‘எங்கடை கோயில் இல்லை’ என்று சொன்னதை நான் திருப்பி எடுக்கிறேன், பிள்ளை. அன்றைக்கு வானை நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம். முடியாவிட்டால், முடியாது குஞ்சு, பயமாயிருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும்.

உன் ஒன்றுவிட்ட தம்பி போனில் பார்த்து வாசித்துக் காட்டினான்: தோடாய்ஜிப் புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் இந்தியாவில் இருந்து போன போதிசேனர் என்ற துறவியாம். தூரிகையில் நீள நூல் கட்டி, கூடியிருந்தவர்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், எல்லாருடைய கையும் சேர்ந்து கண் திறந்த மாதிரி. நீ வெளியே மான்களோடு நின்ற கோயிலில்தான் இது நடந்திருக்கிறது. இனிப் போனால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லு.

இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். அது முடிந்துதான் ஊருக்குப் போவேன். மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. சின்னவனுக்குச் சொல்லு, அந்தத் தூண் படத்தைப் பெரிதாக எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஒன்று மறந்துபோனேன். உன் கூட்டாளி உன்னுடைய நம்பரைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுப்பாள். தமிழ் கொஞ்சம் மறந்துபோச்சு என்று வெட்கப்படுகிறாள், நீ சிங்களத்தில் கதை.

அன்புடன்,
அப்பா