போட்டோவை வைத்து முடிவு பண்ணாதே, தம்பி

தம்பி,

கோயம்புத்தூர்ப் பெண்ணின் போட்டோவை அம்மா அனுப்பியதற்கு, "பார்க்க சுமார்தான், வேண்டாம்" என்று ஒரு வரி போட்டிருந்தாய். ஜாதகம் சரியில்லை, வேலை ஒத்துவராது என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் போட்டோவைப் பார்த்து ஒருத்தரின் அழகை எடை போடுவது என்றால், காலமெல்லாம் ஸ்டுடியோ நடத்தியவனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வரனுக்குப் போட்டோ எடுக்க வருகிற அம்மாக்கள் பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு, மெதுவாகக் கவுண்டர் பக்கம் வந்து, "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பாத்துக்குங்க" என்பார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்தில் நெகடிவை வெளிச்சத்தில் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழே லேசாகத் தடவுவோம், பிரிண்டில் அந்த இடம் வெளுத்து வரும். கலர் வந்தபோது இன்னொரு சங்கதி. லேபில் கலர் சரிபார்க்க கோடாக் கொடுத்த ஷெர்லி கார்டில் பல வருடங்களுக்கு இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு, நம்ம ஊர் முகம் அதில் எப்படி வரும் என்று நீயே யோசித்துக்கொள். இப்போது போனே கேட்காமல் முகத்தை வழவழப்பாக்கிவிடுகிறது.

அந்தப் பெண் அனுப்பியிருப்பது முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்து எடுத்த செல்ஃபி. ஒரு அடி தூரத்தில் எடுத்தால், ஐந்து அடியில் எடுத்ததைவிட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்காவில் டாக்டர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நாங்கள் ஐந்தாறு அடி தள்ளி நின்று 85 எம்.எம். லென்ஸ் போட்டு எடுப்பதே இதற்காகத்தான். அதனால் நீ வேண்டாம் என்று சொன்னது அவள் மூக்கையா, போன் லென்ஸையா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அக்காவுக்கு வரன் பார்த்தபோது ஒரு வீட்டிலிருந்து போட்டோ திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறதா? "பெண் கொஞ்சம் நிறம் கம்மி" என்று தரகர் சொன்னார். அவள் கவரைப் பிரித்து, போட்டோவின் ஓரம் மடங்கியிருந்ததை விரலால் நீவி நீவி நேராக்கிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நீதான் அன்றைக்கு, அவங்க யாருப்பா நம்ம அக்காவைச் சொல்ல என்று குதித்தாய். அந்தக் கோபம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இப்பவும் உன்னிடம் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பார்த்ததும் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் மனித சுபாவம், அதை நான் தப்பு சொல்லவில்லை. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே மனசு அழகா இல்லையா என்று முடிவு கட்டிவிடுகிறதாம், பிரின்ஸ்டனில் ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். ஆனால் அப்படிக் கட்டின முடிவு அப்படியே நிற்பதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்புக்குச் சில பெண்களை அனுப்பினார்கள், ஒருத்தியை ஐந்து தடவை, ஒருத்தியைப் பத்து, ஒருத்தியைப் பதினைந்து. யாரோடும் பேசக் கூடாது, சும்மா உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். கடைசியில் மாணவர்களிடம் போட்டோவைக் காட்டிக் கேட்டால், அதிகத் தடவை வந்தவள்தான் அழகாகத் தெரிந்தாள். பேச்சே இல்லாமல் இவ்வளவு என்றால், பேசி, சிரித்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் எவ்வளவு மாறும்! ஸ்டுடியோவுக்கே வருகிறவர்களில், முதல் நாள் சாதாரணமாகத் தெரிந்தவர் போகப் போகக் கண்ணுக்குக் களையாக ஆகிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பரிதாபப்பட்டு யாருக்கும் சரி என்று சொல்லிவிடாதே, அது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற துரோகம். நேரில் ஒரு தடவை பார், பஜ்ஜி சொஜ்ஜி கூட்டமெல்லாம் வேண்டாம், நீங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பேசுங்கள், முடிந்தால் இன்னொரு தடவையும். அதற்கு அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் சொல்லு, அவர்கள் வீட்டில் நானே பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன், நிறம் மூக்கு என்று ஒரு வார்த்தை வராது. தீபாவளிக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொள், டிக்கெட் இப்போதே எடுத்துவிடு.

அப்பா