உம் கொட்டினால் வேகத்தைக் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலை ஓட்டம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை காலணி, கைக்கடிகாரம், சாப்பாடு எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னது. துணையை மட்டும் ‘நண்பருடன் ஓடினால் அலுப்புத் தெரியாது’ என்று ஒரே வரியில் கழித்துவிட்டது. அலுப்புத் தெரியாமலிருக்கப் பாட்டுக் கேட்டாலே போதுமே! இருவர் 10 கிலோமீட்டர் பேசிக்கொண்டே ஓடுவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அது பிடிபடாமல்தான் பல ஜோடிகள் மூன்றாவது வாரமே ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள்.

முதல் சிக்கல் வேகம். ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் சுலபம், மற்றவருக்கு ஏழு நிமிடம் என்றால், இருவரும் ஓட வேண்டியது ஏழேகாலில். நடுவில் ஆறேகால் என்று பேசி முடித்தால், ஒருவர் பேசுவார், இன்னொருவர் உம் கொட்டுவார். பேசுவதற்கு மூச்சை நீளமாக, மெதுவாக விட வேண்டும். வேகம் ஓர் அளவைத் தாண்டியதும், சேரும் கரியமில வாயுவை வெளியேற்ற உடம்பு அடுத்தடுத்து மூச்சு வாங்கும். இரண்டும் ஒத்துப்போகாது. இதைக் கண்டுபிடிக்கக் கடிகாரம் வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்தால் சரி. நான்காவது சீரிலேயே மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். ஏப்ரல், மே மாதச் சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பின் சூடும் இறங்காது. அப்போது கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது கூட்டிக்கொள்ள வேண்டும்.

மெதுவாக ஓடினால் தன் தரம் போய்விடும் என்று வேகக்காரர் பயப்படுவார். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையே மற்றவர்களோடு சேர்த்து மலைச்சாலையில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டின் இன்னொரு மாணவர் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். உடல்நலத்துக்காக ஓட வந்த சாதாரண மக்களுக்கு லிடியார்ட் சொன்ன அளவு, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான். வேகப் பயிற்சி வேண்டுமென்றால் செவ்வாயோ வியாழனோ தனியாகப் போய்ச் செய்யலாம்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று: அரையடி முந்துவது. தோளோடு தோளாக ஓடும்போது ஒருவர் தோள் சற்றே முன்னால் போகும். மற்றவர் எட்டிப் பிடிப்பார். முன்னவர் தன்னையறியாமல் மறுபடி அரையடி போவார். இரண்டு கிலோமீட்டருக்குள் வேகம் எங்கோ ஏறியிருக்கும். பேச்சு நின்றது கூட இருவருக்கும் உறைக்காது. வேகக்காரர் தன் தோள் மற்றவர் தோளுக்கு ஒரு விரற்கடை பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். பூங்காவிலோ மைதானத்திலோ சுற்றி ஓடுவதானால் அவர் வெளிப்பக்கம் ஓடட்டும். ஒரு மீட்டர் தள்ளி ஓடுபவருக்குச் சுற்றுக்கு 6 மீட்டருக்கு மேல் கூடுதல். 25 சுற்றில் 150 மீட்டர் தாண்டிவிடும்.

இனி, பேச்சு. முதல் இரண்டு கிலோமீட்டருக்கு வீட்டு விஷயம், ஊர் வம்பு போதும். மூச்சு நிதானப்பட அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு ஒரே ஒரு கேள்வி. நியாயம் என்பது ஆளுக்குச் சமமாகக் கொடுப்பதா, தேவைக்குத் தக்கபடி கொடுப்பதா? நினைவெல்லாம் போன மனிதர் அதே மனிதர்தானா? இப்படித் தாளும் கணக்கும் வேண்டாதவை ஓட்டத்துக்கு ஒத்துவரும். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால், பதில் தோன்றாமல் அரை கிலோமீட்டர் சும்மா ஓடினாலும் சங்கடம் இருக்காது. எதிரெதிரே உட்கார்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. கட்சி அரசியல் மட்டும் ஆகாது: சூடு ஏற ஏறக் காலும் வேகம் எடுக்கும். அடையாறு திரு.வி.க. பாலம் போன்ற ஏற்றத்தில் திடமானவர் பேசட்டும், மற்றவர் கேட்கட்டும். இறக்கத்தில் முறை மாறலாம்.

இருவரோ மூவரோதான் சரி. நாலு பேர் வந்தால் தானாகவே இரண்டிரண்டாகப் பிரிந்துவிடும்; கடற்காற்றில் முன்னால் போகிறவர் பேசுவது பின்னால் வருபவருக்குக் கேட்காது. விளக்கில்லாத சாலையில் ஜோடியாக ஓடுவது ஆபத்து. மெரினாவின் அகலமான நடைபாதை இருக்கிறது, விடியுமுன் கூட்டமும் குறைவு. தெருவில்தான் ஓட வேண்டுமென்றால் வலப்பக்கமாக, வண்டிகளைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும். அந்தத் தூரத்துக்குப் பேச்சு கிடையாது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு வருகிற நண்பரிடம், வண்டிச் சத்தம் கேட்காது என்று காரணம் சொல்லிக் கழற்றச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர்,
திருவான்மியூர், சென்னை.