காங்கிரஸ் உறுப்பினர்களே, அந்த 10,000 விசா வரம்பை மாற்றுங்கள்

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டெக்சாஸில் குடியிருக்கும் தமிழ்ப் பெண் நான். அக்கம்பக்கத்தில் ஸ்பானிஷ்தான் பேச்சு. புருஷன் அடிக்கிறான் என்று ஒருத்தி வாயைத் திறந்தால் பெரியவர்கள் சொல்லும் சொல் ஒன்று உண்டு: 'அகுவாந்தார்'. பொறுத்துப் போ. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை, எங்கள் ஊரிலும் இதையேதான் சொல்வார்கள்.

இன்னொரு பேச்சுதான் எனக்குப் புதிது. "லா மிக்ராவைக் கூப்பிடட்டுமா?" குடியேற்றத் துறை ஆட்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. இந்த நாட்டில் சட்டப்படி தங்கக் காகிதம் இல்லாத மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டால் போதும், அவன் கையை ஓங்கவே வேண்டாம்.

அதையும் மீறி, அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால்? போலீஸ்காரருக்கு ஸ்பானிஷ் தெரியாத வீட்டில் பத்து வயதுப் பையன்தான் மொழிபெயர்ப்பாளன். "எதால் அடித்தார்?" என்று அம்மாவிடம் கேட்டு, பதிலை அப்பா காதுபட ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. 1994-இல் நீங்கள் இயற்றிய சட்டப்படி, கணவன் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவனாகவோ இருந்தால், அவனிடம் அடிபடும் மனைவி, இங்கே தங்கும் உரிமைக்கு அவனுக்குத் தெரியாமல் தானே விண்ணப்பிக்கலாம். நல்ல சட்டம். ஆனால் அவனுக்கும் காகிதம் இல்லையென்றால் அந்தக் கதவு மூடிவிடும். அப்புறம் மிஞ்சுவது 2000-இல் வந்த யூ விசா, குற்றத்துக்கு ஆளாகி விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கானது. அப்படி உதவினாள் என்று போலீஸோ அரசு வழக்கறிஞரோ அவர்களைப் போன்ற அதிகாரியோ ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஆயுள் ஆறு மாதம், அதற்குள் விண்ணப்பித்தாக வேண்டும். சரி, விண்ணப்பித்தாயிற்று. ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் விசா என்பதால் வரிசை வருடக்கணக்கில் நீள்கிறது. அவன் மிரட்டல் அதுவரை காத்திருக்குமா?

2017 பிப்ரவரியில், எங்கள் டெக்சாஸின் எல் பாசோ நகரில், பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீதிமன்றம் வந்த ஒரு பெண்ணைக் குடியேற்ற அதிகாரிகள் அங்கேயே பிடித்துச் சென்றார்கள். அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் சார்லி பெக், லத்தீன் சமூகத்திலிருந்து வரும் குடும்ப வன்முறைப் புகார்கள் 10 சதவீதம் குறைந்துவிட்டன என்றார். அடி குறைந்ததால் அல்ல, பயத்தால் என்பது அவர் கணிப்பு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நான் கேட்பது இரண்டுதான். அந்த 10,000 என்ற வரம்பை உயர்த்துங்கள். பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறும் பெண்ணை அங்கே வைத்துக் கைதுசெய்யக் கூடாதென்று சட்டத்திலேயே எழுதுங்கள். சுற்றறிக்கையாக வேண்டாம், ஆட்சி மாறினால் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
டெக்சாஸிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்