எஞ்சியிருக்கும் நாடாக்களையாவது திறந்து வையுங்கள்

கன்பராவிலுள்ள தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கும், பழைய அவுஸ்திரேலியத் தொடர் நாடகங்களின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும்,

வணக்கம். இம்மடலின் ஆங்கில வடிவம் உங்கள் கைக்குத் தனியே வந்து சேரும். அப்படியிருக்க இதைத் தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1980களில் இந்நாட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அலுமாரிகளில் நீங்கள் தேட வேண்டிய, பழைய தொடர்கள் பதிவான வீடியோ கசற்றுகள் சில இன்னமும் கிடக்கக்கூடும் என்று நம்புகிறேன். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு அது முதலில் தெரிய வேண்டும்.

நாங்கள் 1984 இல் மெல்பேர்ண் வந்து சேர்ந்தபோது எனக்கு வயது பதின்மூன்று. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் இந்த ஊர்க்காரர் வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் பிடிபடாது. அந்தத் தடையை அவர் தாண்டியது 'ஏ கன்ட்ரி பிராக்டிஸ்' என்ற தொடரின் துணையோடுதான். வான்டின் வலி என்ற கற்பனைச் சிற்றூரின் ஆஸ்பத்திரியையும் மதுச்சாலையையும் மிருக வைத்தியரையும் சுற்றி நடந்த அந்தக் கதையில், அடுத்த வீட்டுச் சங்கதியெல்லாம் அறிந்து வைத்திருக்கும் எஸ்மி வற்சன் என்றொரு முதிய பெண் வருவார். அவரை முதல் தடவை கண்ட இரவே அம்மா, "உவ எங்கட கோயில் வீதி மாமியெல்லோ, தொப்பி போட்டுக்கொண்டு வந்து நிக்கிறா" என்றார். அன்று தொடங்கி வாரத்தில் இரண்டு இரவுகள் எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்பு நேரத்தோடு அணைந்துவிடும்.

1985 இல் அந்தத் தொடரில் மொலி ஜோன்ஸ் இறந்தார். இரத்தப் புற்றுநோயால் வாரக்கணக்காக மெலிந்துகொண்டு வந்த அந்த இளம் தாய், வீட்டு வளவில் கணவனும் சிறு மகளும் பட்டம் ஏற்றுவதைப் பார்த்தபடி இருப்பார். அவருடைய கண்ணினூடாக நாமும் அந்தப் பட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் திரை மெல்ல மெல்ல இருண்டு போகும். பட்டம் ஏற்றத் தெரிந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் செய்த காரியம் வேறு: அந்த இரவைப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற அவதியில், வீட்டில் வெறும் கசற் இல்லாத காரணத்தால், லண்டனிலிருந்து வந்திருந்த மச்சாளின் சாமத்திய வீட்டு வீடியோவின் மேலேயே பதிந்துவிட்டேன். கசற்றின் முதுகில் 'சாமத்திய வீடு, பத்திரம்' என்று சின்னம்மா நீல மையால் எழுதியிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. அதற்காக வாங்கிய ஏச்சு இங்கே வேண்டாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், பழைய தொடர்களின் நாடாக்களை அழித்தவர்களை நோக்கிக் கல்லெறியும் தகுதி எனக்கும் முழுதாக இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வதுதான். அன்றைய தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்திய இரண்டு அங்குல அகல நாடா மிகுந்த விலை கொண்டது. ஒரு தடவை ஒளிபரப்பான தொடரை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணத்தில் அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். 1975 மார்ச் முதலாம் நாள் நாட்டில் முறைப்படி வண்ணத் தொலைக்காட்சி தொடங்கியபின், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டதற்கு மறு ஒளிபரப்பு மதிப்பு அறவே இல்லை என்று முடிவு கட்டினார்கள்.

அதன் விளைவு என்ன என்பதை 'பெல்பேர்ட்' நேயர்கள் அறிவார்கள். அரச ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி 1967 முதல் 1977 வரை ஒளிபரப்பிய அந்தத் தொடர், ஏழு மணிச் செய்திக்கு முன்னே கால் மணி நேரம் கிராமத்து வீடுகளையும் நகரத்து வீடுகளையும் ஒருங்கே அமர வைத்தது. சார்லி கசன்ஸ் என்ற பாத்திரம் கோதுமைக் களஞ்சியக் கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுந்து இறந்த அந்த மாலையை, எழுபது வயதைத் தாண்டிய என் பழைய சக ஊழியர் ஒருவர் தன் சொந்தத் தகப்பனாரின் மரணத்துக்கு அடுத்தபடியாக வைத்துப் பேசுவார். ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பகுதிகள் கொண்ட அந்தத் தொடரில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

'நம்பர் 96' இன் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. 1972 மார்ச் 13 அன்று தொடங்கி 1977 வரை 1,218 பகுதிகள் ஓடிய அது, சிட்னியின் பாடிங்டன் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தவர்களின் கதை. வாரத்தில் ஐந்து இரவுகள், அதுவும் இரவு எட்டரை மணிக்கு, குடும்பங்கள் வாய்விட்டுப் பேசத் துணியாத விடயங்களை அது பேசியது. ஜோ ஹாஷம் நடித்த டொன் பின்லேசன் என்ற வழக்கறிஞர் தன் பாலின ஈர்ப்பை மறைக்காத மனிதர்; அவரைக் கேலிக்குரியவராகவோ குற்றவாளியாகவோ காட்டாமல், அயலவர் ஆலோசனை கேட்டுக் கதவைத் தட்டும் நல்ல மனிதராகவே காட்டினார்கள். நியூ சவுத் வேல்சில் ஓரினச்சேர்க்கை குற்றமல்ல என்று சட்டம் மாறியது 1984 இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நாடகம் சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தி நடந்தது புரியும். அந்தப் பாத்திரம் அறிமுகமாகி அயலவர்கள் அவரோடு பழகிக்கொண்ட அந்தத் தொடக்க ஆண்டுகள்தான் கறுப்பு வெள்ளையில் இருந்தன. அவைதான் ஏறத்தாழ முழுவதும் அழிந்துபோயின. பார்வையாளர் தொகையை மீட்பதற்காக 1975 செப்டெம்பர் 5 அன்று கட்டடத்தில் குண்டு வெடிக்க வைத்து, கீழ்த்தளத்துக் கடையை நடத்திய அல்டோ, ரோமா தம்பதியர் உட்படச் சில பாத்திரங்களைக் கொன்ற பகுதி பத்திரமாக இருக்கிறது. குண்டு கிடைத்தது, குடித்தனம் போய்விட்டது.

என் முறையீட்டின் உட்பொருள் இதுதான். பழைய நேயர்கள் ஓரிடத்தில் கூடினால் குண்டையும் கோபுரத்தையும் பட்டத்தையும் பற்றியே முதலில் பேசுவோம். 'பிரிசனர்' தொடரின் சிறைச் சலவைக் கூடத்தில் துணி அழுத்தும் நீராவி இயந்திரத்தின் மூடியை யார் யாருடைய கைமேல் இறக்கினார்கள் என்பதை எண்ணிச் சொல்லுவோம். இரண்டாம் உலகப் போர்க்காலக் குடும்பமொன்றின் கதையான 'த சலிவன்ஸ்' இல் தாய் கிரேஸ் சலிவன் லண்டன் குண்டுவீச்சில் இறந்ததற்காக இன்னொரு தடவை பெருமூச்சு விடுவோம். ஆனால் அரை மணி கழித்துப் பேச்சு வேறு பக்கம் திரும்பும். சலிவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் தலை குனிந்து செபம் சொன்னது, 'நம்பர் 96' இன் டொறி எவன்ஸ் மாடிப்படியில் நின்று ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லை மாற்றிப் பேசுவது, சுவர்த் தொலைபேசியின் சுருள் கம்பி எவ்வளவு தூரம் நீளும் என்பது: இவையே பின்னர் எங்களை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். யாரும் இறக்காத, யாரும் மணம் முடிக்காத, ஒரு சாதாரணப் புதன்கிழமைப் பகுதியில்தான் அந்தக் காலத்து வீடும் பேச்சும் அப்படியே இருக்கின்றன. நினைவுக் காட்சித் தொகுப்புக்காக நீங்கள் தேர்ந்தெடுப்பதோ எப்போதும் அந்தப் பத்துக் காட்சிகளை மட்டுமே.

'பிரிசனர்' தப்பிப் பிழைத்தது. 1979 முதல் 1986 வரை மெல்பேர்ணின் நனவாடிங் கலையகத்தில் எடுக்கப்பட்ட அதன் 692 பகுதிகளையும் இன்று பார்க்க முடிகிறது. பிரித்தானியாவில் நள்ளிரவுக்குப் பின்னரும் கண்விழித்துப் பார்த்தவர்களின் பிடிவாதத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அத்தொடரின் பாடல் 1989 இல் அங்கே விற்பனைப் பட்டியலின் மூன்றாம் இடம் வரை ஏறியது. 'நெய்பர்ஸ்' தொடரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதற்குப் பரிந்து பேச உலகம் முழுவதும் ஆள் இருக்கிறது. வெளிநாட்டில் விலை போனது காப்பாற்றப்படுகிறது, போகாதது மறக்கப்படுகிறது என்ற நிலையை ஒரு தேசியக் காப்பகம் ஏற்றுக்கொள்ளலாகாது.

ஆகவே கேட்கிறேன். முதலாவதாக, எந்தத் தொடரின் எந்தெந்தப் பகுதிகள் எஞ்சியுள்ளன, அவை யாரிடம் எந்த வடிவில் உள்ளன என்ற முழு விவரத்தைப் பகுதி வாரியாகப் பொதுமக்களுக்கு வெளியிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து இதே கேள்வியைக் கேட்டபோது, மூன்று பேரிடம் மாற்றிவிட்டு, "அது உரிமையாளரைக் கேட்க வேண்டிய விடயம்" என்றார்கள். உரிமையாளர் யார் என்று கேட்டேன், அது தங்களுக்குத் தெரியாது என்றார்கள். நிறுவனங்கள் கைமாறி, கைமாறி, கடைசியில் பெட்டிக்கு மட்டும் முகவரி இருக்கிறது, பொறுப்புக்கு இல்லை.

காந்த நாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்ற 2025 ஆம் ஆண்டே கடைசி எல்லை என்று காப்பகத்தினராகிய நீங்களே முன்பு எச்சரித்தீர்கள். நாடாவின் பசை இளகி ஒட்டிக்கொள்ளும், அவற்றை ஓடவிடும் இயந்திரங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் அருகிவிடும் என்பதே அதன் சாரம். அந்த எல்லை வந்துவிட்டது. மாற்றி முடித்தவை எவை, காத்திருப்பவை எவை என்பதையும் அந்த விவரத்திலேயே சேருங்கள். ஒரு புத்தகம் அச்சானால் அதன் படியொன்றைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஒளிபரப்புக்கு அப்படியான கட்டாயம் எதுவும் இல்லை. இதை மாற்றும்படி அரசாங்கத்திடம் உரத்துக் கேளுங்கள். ஆயிரம் நேயர்கள் கேட்பதிலும் நீங்கள் கேட்பதற்கு எடை கூட.

கடைசியாக, வீட்டுப் பதிவுகளைத் தேடி ஓர் அழைப்பு விடுங்கள். உரிமைச் சிக்கல் வரும் என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. பழைய கசற்றைக் கொண்டுவருபவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது என்று காப்பகமும் நிறுவனங்களும் சேர்ந்து எழுத்தில் உறுதி தர வேண்டும். விளம்பரங்களை வெட்டிவிட்டுத் தரும்படி கேட்காதீர்கள். 1985 இல் ஒரு பக்கெட் பிஸ்கட்டை எப்படி விற்றார்கள் என்பதும் அந்த இரவின் பகுதிதான்.

என்னுடைய கசற் இன்னும் இருக்கிறது. ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருப்பதால் அதை ஓடவிட அஞ்சி, பத்து ஆண்டுகளாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கடைசியாக ஓடவிட்டபோது, பட்டம் மேலே போய்த் திரை இருண்டபின், செய்திச் சுருக்கம் ஒன்றும் இரண்டு விளம்பரங்களும் வந்தன. அதன்பின் ஒரு கணம் கோடு கோடாக ஓடிவிட்டு, லண்டன் மண்டபம் ஒன்றில் மஞ்சள் சேலையோடு தலைகுனிந்து நிற்கும் மச்சாள் தெரிந்தார். அந்தப் பகுதியின் நல்ல படி உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும். அப்படியானால் எனக்கு வேண்டியது அந்தக் கடைசி நிமிடங்கள் மட்டுமே, மச்சாளுக்கு அனுப்ப. நாளும் நேரமும் சொல்லுங்கள், நானே கன்பராவுக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மெல்பேர்ணிலிருந்து ஒரு பழைய நேயர்