சாயங்கால டீக்கு ஒன்று மட்டும்

சேலம், அம்மாபேட்டை

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அப்பா பக்கத்தில் இருந்தார், அதனால் விட்டுவிட்டேன். சிகரெட்டைக் குறைத்துவிட்டாய், சாயங்கால டீக்கு ஒன்று மட்டும்தான். அதையும் விட்டால் இன்னும் குண்டாகிவிடுவாய் என்றாய். இத்தனை வருஷம் பிடித்த ரத்தக்குழாய் இனிமேல் எங்கே திருந்தப் போகிறது என்று வேறு கேட்டாய்.

திருந்தும். அதை வார்டில் கண்ணால் பார்த்தவள் நான். சர்ஜிக்கல் வார்டில் டி.ஏ.ஓ. என்று எழுதிய கேஸ் ஷீட் இல்லாத மாதம் இருக்காது. புகைப்பவர்களுக்குக் கை, கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் நோய் அது. 1908-இல் நியூயார்க்கில் பர்கர் என்ற டாக்டர் அதை விவரித்ததால் அவர் பெயராலும் சொல்வார்கள். வருபவர்கள் பெரும்பாலும் உன் வயதுக்காரர்கள்: வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்து விவசாயிகள், நம் தெருத் தறிக்காரர்கள். எல்லோரும் பீடி. முதலில் நடந்தால் கெண்டைக்கால் இழுக்கும், அப்புறம் உட்கார்ந்திருந்தாலும் வலிக்கும், கடைசியில் கால்விரல் கறுத்துவிடும். டாக்டர் எத்தனை மருந்து எழுதினாலும் பீடியை விடாதவரை அந்த நோய் நிற்காது. விட்டவர்களில் அநேகம் பேருக்குக் கால் தப்பியது. தலையணைக்கடியில் பீடிக்கட்டு ஒளித்து வைத்தவர்கள் விரலை வெட்ட ஒரு தடவை, முழங்காலுக்குக் கீழே வெட்ட இன்னொரு தடவை என்று திரும்பத் திரும்ப வந்தார்கள்.

உனக்கு அந்த நோய் வரும் என்று பயமுறுத்தவில்லை. புகை நின்றால் ரத்தக்குழாய்க்கு அது உடனே தெரிகிறது என்பதற்காகச் சொன்னேன். குழாயின் உட்புறச் சவ்வு ஒரே ஒரு செல் கனம்தான். அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்துதான் குழாயை விரிய வைக்கிறது (இந்த விஷயத்துக்கு 1998-இல் மூன்று பேர் நோபல் பரிசு வாங்கினார்கள்). புகை அந்த வாயுவையும் கெடுக்கிறது, சவ்வையும் புண்ணாக்குகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கின்றன. ஆனால் அது உயிருள்ள சவ்வு, விட்டால் ஆறும். ஏற்கெனவே படிந்த கொழுப்பு கரைந்து ஓடிவிடும் என்று பொய் சொல்லமாட்டேன். அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு, அந்த உறைகிற சுபாவம் தணிகிறது. நிறுத்தி ஒரு வருஷத்தில் இதய நோய் ஆபத்து, தொடர்ந்து பிடிப்பவருக்கு இருப்பதில் பாதியாகிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எடைக்கு வருகிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சினில் சிகரெட்டை விட முயன்ற சுமார் 1,500 பேரின் கை ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளந்தார்கள், ஒரு வருஷம் கழித்து மறுபடியும் அளந்தார்கள். விட்டவர்களுக்கு எடை கூடியிருந்தது, அப்படியும் குழாய் முன்பைவிட நன்றாக விரிந்தது. விடாதவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. பேன்ட் இறுகினால் தளர்த்தித் தைத்துக்கொள்ளலாம் கண்ணு.

எனக்குக் கோபம் அந்த 'ஒன்று மட்டும்' மேல்தான். இருபதை ஒன்றாக்கினால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகும் என்று நீ கணக்குப் போடுகிறாய். நுரையீரல் புற்றுநோய்க்கு அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும், ரத்தக்குழாய்க்கு ஒத்துவராது. 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, தினம் இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி, தினம் ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. கொஞ்சம் புகைக்கே தட்டணுக்கள் ஒட்டத் தொடங்கிவிடும். பத்தொன்பதை விட்ட கஷ்டமெல்லாம் பட்டுவிட்டு, பலனில் பாதியை டீக்கடையில் விட்டுவிட்டு வருகிறாயே!

தாங்க முடியாமல் போனால் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கு. சும்மா மென்று துப்பாதே. கொஞ்சம் மென்று கன்னத்தில் ஒதுக்கிவை, அப்புறம் மறுபடி மெல்லு. வாயில் இருக்கும்போதும் அதற்கு முன் கால் மணி நேரமும் டீ, காபி வேண்டாம், மருந்து சரியாக ஏறாது. யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் 1800-11-2356 இலவச எண். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள், நீ படித்திருக்கமாட்டாய்.

தட்டுவடை கேட்டிருந்தாயே, இந்த வாரம் பார்சல் போடுகிறேன். எண்ணெய்ப் பண்டம்தான், எடைக்கு ஆகாதுதான். பரவாயில்லை, சாயங்கால டீக்கு அதைக் கடித்துக்கொள்.

அன்புடன்,
அம்மா