கோப்பாய்க் கணினியும் நீ கேட்ட கடவுச்சொல்லும்

அன்பின் குமரன்,

இங்கே எல்லோரும் சுகம். நீ கேட்டபடி கோப்பாய்க்குப் போய் ஐயாவின் கணினியில், தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளைப் போட்டுவிட்டேன். ஆனால் நீ சொன்ன நிரந்தரக் கடவுச்சொல்லை வைக்கவில்லை. கோபிக்காதே.

அது இருந்தால் அவர் ஓம் என்று அழுத்தாமலே நீ ரொறன்ரோவிலிருந்து உள்ளே போகலாம். ஆளில்லாத சேர்வருக்கு அது சரி. ஐயா வங்கிக் கணக்குப் பார்ப்பதும் பென்ஷன் அலுவல்களும் இந்தக் கணினியில்தான். அந்தக் கடவுச்சொல் வேறு கைக்குப் போனால் எல்லாமே போச்சு. 2024 தொடக்கத்தில் எனிடெஸ்க் நிறுவனத்தின் சேர்வர்களுக்குள்ளேயே ஆட்கள் புகுந்ததால், மென்பொருள் தங்களுடையதுதான் என்று காட்டும் சான்றிதழையே நிறுவனம் மாற்றியது நினைவிருக்கும். அதைவிட, மாரியில் இடி முழங்கினால் ஐயா பிளக்கையே கழற்றிவிடுவார். பிறகு உன் கடவுச்சொல் என்ன செய்யும்?

அதனால் எனிடெஸ்க் திறந்திருந்தால் மட்டும் அழைப்பு வரும்படி மாற்றினேன். கோப்பு அனுப்புவதையும், இங்கே கொப்பி பண்ணி அங்கே ஒட்டுகிற கிளிப்போர்டையும் மூடிவிட்டேன், தேவைப்படும்போது திறக்கலாம். அவர் திறந்து, எனிடெஸ்க் காட்டுகிற அந்தக் கணினியின் இலக்கத்தை வாசிப்பார், நீ அதைப் போட்டு இணைப்புக் கேட்பாய், அவர் ஏற்றுக்கொள்வார். வீட்டுக்காரர் கதவைத் திறந்தால்தானே விருந்தாளி உள்ளே வரலாம்.

வங்கியிலிருந்து கதைக்கிறோம், இதை இறக்கி இலக்கத்தைச் சொல்லுங்கோ என்று ஏமாற்றுகிறவர்களைப் பற்றியும் சொன்னேன். தாங்களாக எடுக்கிற ஒருவருக்கும் இலக்கம் கொடுக்க வேண்டாம் என்றேன். உடனே கேட்டார், “அப்ப மகன் எண்டு சொல்லி ஒருத்தன் எடுத்தா?” பழைய கணக்கு வாத்தியார் அல்லவா! கடைசியில், வட்ஸ்அப் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் இலக்கம் என்று முடிவாகியது. சவரம் செய்துகொண்டு எடு.

என் வேலையும் இப்போது பாதி இப்படித்தான். நெடுந்தீவில் ஒரு கடைக்குக் கணினி பார்க்கிறேன். முன்பு பிரின்டரில் வேலை தேங்கினாலே குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு ஏற வேண்டும், நாள் போய்விடும். இப்போது கொக்குவிலில் இருந்தபடியே, பிரின்ட் வேலைகளை வரிசையில் வைக்கிற ஸ்பூலரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் முடிந்தது. ரவுட்டர் படுத்தால் மட்டும் பழையபடி படகுதான்.

இதில் பொறுமையைச் சோதிப்பது வின்டோஸ் அனுமதி கேட்கிற இடம். அந்தப் பெட்டி தனித் திரையில் வருவதால், எனிடெஸ்க்கை நிறுவாமல் சும்மா ஓடவிட்டிருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. “தம்பி, ஏதோ கேக்குது, அழுத்தவோ?” என்று போனில் கேட்பார்கள். என்ன கேட்கிறது என்று முழுதாக வாசிக்கச் சொல்லித்தான் ஓம் சொல்வேன். நேரம் போகும், போகட்டும்.

எனிடெஸ்க் மாதிரியான ரீம்வியூவரின் இலவசப் பதிப்பு சொந்தப் பாவனைக்கு மட்டும் என்பதால் கடை வேலைக்குத் தொடுவதில்லை. அதே வகையான ரஸ்ட்டெஸ்க்கை என் சொந்த சேர்வரில் ஏற்றிப் பார்க்க எண்ணம். நீ அங்கே பாவித்திருந்தால் எழுது.

ஐயாவுக்குப் பின்னேரம்தான் வசதி. உனக்குக் காலை ஏழு மணி என்றால் இங்கே நாலரை. நவம்பரில் உங்கள் மணிக்கூட்டை மாற்றினால் ஐந்தரை ஆகிவிடும், அப்போது அவர் கோயிலுக்கு வெளிக்கிட்டுவிடுவார், ஆறு மணிக்கே எழும்பு.

அன்புடன்,
சிவா