மூன்றாம் நாள் வீக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பெண்கள் பக்கத்தில் சிசேரியன், கர்ப்பப்பை ஆபரேஷன் பற்றியெல்லாம் நிறைய வருகிறது. லேபியாபிளாஸ்டி, அதாவது பெண்ணுறுப்பின் உள் இதழ்களைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. போன வருடம் என் தங்கைக்கு அது நடந்தது. அழகுக்காக இல்லை. ஸ்கூட்டி ஓட்டினாலும் ஜீன்ஸ் போட்டாலும் உரசி உரசிப் புண்ணாகி, வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில்தான் டாக்டரிடம் போனாள்.

காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு. கையில் கொடுத்த தாளில் மாத்திரைப் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. மூன்றாம் நாள் காலையில் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள், "அக்கா, என்னமோ தப்பாயிடுச்சு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கன்றிப்போய், ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாக ஊதியிருந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்து பதில் வாங்குவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. முதல் 2, 3 நாள் வீக்கம் ஏறத்தான் செய்யுமாம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வற்றாதாம், பெரும்பகுதி குறையவே சில வாரம் பிடிக்குமாம், சரியான வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம்கூட ஆகுமாம். இதை முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பகல் முழுக்க அவள் அழுதிருக்க மாட்டாள்.

அடுத்த பயம் சிறுநீர் போவது. எரியும் என்று தண்ணீர் குடிக்காமலே இருந்தாள், அது இன்னும் மோசம். பழைய தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் நாலு ஓட்டை போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். போகும்போதே அதைப் பீய்ச்சிக்கொண்டால் எரிச்சல் பாதி குறைந்தது. அப்புறம் துடைக்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் குத்துக்காலிடும் கக்கூஸ்தான். உட்கார்ந்தாலே தையல் இழுக்கிறது என்றதால் சித்தப்பா வீட்டிலிருந்து கமோடு நாற்காலி கொண்டுவந்தோம். முக்காமல் போவதற்காகத் தினமும் கீரையும் கொய்யாவும். ஐஸ் ஒத்தடம் துணியில் சுற்றித்தான், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். அம்மா மஞ்சள் பூசலாம் என்றார், டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார்.

தையல் தானாகக் கரையும், 2, 3 வாரத்தில் நூல் துண்டு உதிர்ந்தால் பதற வேண்டாம். ஆறும்போது அரிக்கும், சொறியக் கூடாது. ஒரு வாரம், பத்து நாளில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம். ஸ்கூட்டி, சைக்கிள், நீச்சல், தாம்பத்தியம் எல்லாம் சுமார் 6 வாரம் தள்ளிவைக்க வேண்டும், டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான். கல்யாணமான பெண்கள் இதைக் கணவரிடம் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றத்தோடு நீர் வடிவது, பேட் நனையும் அளவு ரத்தம், தையல் பிரிவது, ஒரு பக்கம் மட்டும் விறுவிறுவென்று பெருத்து வலி கூடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வெட்கப்பட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

ஒரு மகப்பேறு மருத்துவரைக் கேட்டு இதை முழுப் பக்கமாகப் போடுங்கள் ஐயா. இதழ்களின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும், தொந்தரவு இல்லாதவர்களுக்கு இந்த ஆபரேஷனே தேவையில்லை என்பதையும் அவரே சொல்லட்டும். அக்கம்பக்கத்தில் நாங்கள் "குடலிறக்கம்" என்று சொல்லித்தான் சமாளித்தோம். அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி